சாவியை அழுத்தியிருந்த நேரம்

மார்ச் 3

தம்பிக்கு,

முதலில் ஒரு திருத்தம். ஊரில் சொல்லிக்கொள்வது போல, அன்று மதியம் நான் படகில் இருந்த உங்கள் அண்ணனோடு வானொலியில் அரட்டை அடித்துக்கொண்டிருக்கவில்லை. மளிகைக் கடையில் எனக்குக் கேட்கும்படியாகவே ஒருத்தி சொன்னாள்: "கெழவி புருஷனோட கொஞ்சிக்கிட்டு இருந்தா, அங்க படகு பாறையில ஏறிடுச்சு." நான் கேட்ட சோப்பை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தே வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மீதிச் சில்லறையை வாங்க மறந்தது தெரிந்தது.

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. பரீட்சை எழுதி வாங்கியது. கப்பலில் வானொலி வேலை பார்த்த உங்கள் அண்ணன் உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலியில் நான் போய் உட்கார்ந்துகொள்ளவில்லை. பேச்சும் எனக்குக் கிடையாது, மோர்ஸ் தட்டும் தந்திச் சாவி மட்டும்தான். கான்வென்டில் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, ஒரு சொல் போதுமான இடத்தில் இரண்டு சொல் எழுதாதே என்பது. சாவியிலும் நான் அப்படித்தான். அன்று நான் அனுப்பியது மூன்றே செய்தி: சாப்பிட்டீர்களா, மூட்டம் எப்படி, எப்போது வருவீர்கள். இது கொஞ்சல் என்றால் தபால்காரரும் என்னோடு கொஞ்சுகிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடலோரத்துக் கீழ் அலைவரிசையில் என்னைப் போன்றவர்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். துறைமுகத்திலிருந்து ஒலி ஊதிப் படகுகளுக்குத் திசை காட்டும், நீங்கள் வேலை பார்க்கும் வழிகாட்டி நிலையம்தான் வீட்டுக்காரர். இது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் தன் அறையில் இருக்கவேண்டும் அல்லவா? உங்கள் நிலையத்தின் ஒலி வருடக்கணக்காகத் தன் இடத்தை விட்டு வழிந்து என் பக்கம் வந்துகொண்டிருந்தது. நானும் புகார் எழுதிக்கொண்டிருந்தேன். "வீட்டுக்காரன் இருமினா குடியிருக்கிறவங்க காதப் பொத்திக்கணும் அண்ணி" என்று என் சமையலறையில் நின்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நகர்ந்துபோகவும் எனக்கு இடமில்லை. கொஞ்சம் மேலே போனால் ஐஸ் பேக்டரி மோட்டாரின் இரைச்சல். அதனால் உங்கள் ஒலிக்கு நூலளவு தள்ளி, அது வழிந்து வரும் இரைச்சலுக்கு நடுவில்தான் உங்கள் அண்ணனைக் கேட்டு வந்தேன்.

அன்று உங்கள் நிலையத்தின் இரைச்சல் இல்லை.

இதைத்தான் நான் விசாரணை அதிகாரியிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை, பேனாவை மூடிவிட்டார். வானொலி அலை துடைத்துவைத்த கண்ணாடி போல இருந்தது. உங்கள் அண்ணன் தட்டியது ஒவ்வொன்றும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது. உங்கள் நிலையம் ஊமையாக இருந்தால் மட்டுமே அப்படிக் கேட்கும். மூட்டத்தில் வந்த படகுக்குத் திசை சொல்லவேண்டியது உங்கள் நிலையம். அது வாயை மூடியிருந்தது. படகு பாறையில் மோதி அவரும் சுக்கான்காரரும் போனார்கள். இதில் நான் எங்கே வருகிறேன்?

நீங்களோ விசாரணையில் "கருவி கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு" என்று வாய்க்குள்ளேயே சொன்னீர்களாம். எப்போது, எவ்வளவு நேரம், ஏன் என்று கேட்டதற்கும் அதே வரியைத்தான் திரும்பச் சொன்னீர்களாம். கருவியைப் பிரித்துப் பார்த்து, பழுது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பழி மறுபடியும் என் வாசலுக்கு வந்துவிட்டது. என் கருவிக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். மாடியிலிருந்து பின்சுவர்க் கம்பம் வரை போகும் ஏரியல் கம்பியை யாரோ வெட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

என்ன நடந்தது? தூங்கிப் போனீர்களா? வெளியே போயிருந்தீர்களா? எதுவாக இருந்தாலும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அண்ணனைப் புதைத்த அன்று என் முகத்தைப் பார்க்காமல் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டீர்கள். அது துக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அண்ணி


மார்ச் மாதம், தேதி தெரியவில்லை, இங்கே காலண்டர் இல்லை

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தது. மகள் படித்துவிட்டு, "பெரியம்மா அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிக்காதுப்பா" என்றாள். எனக்கு வலித்தது வேறு. இத்தனை வருஷத்தில் என்னை 'நீங்கள்' என்று நீங்கள் கூப்பிட்டதே இல்லை. வேலையிலிருந்து நிறுத்திவைத்த கடிதத்தில்கூட இவ்வளவு மரியாதை இல்லை.

ஆமாம் அண்ணி, கருவி பழுது. பழையது, சூடானால் குரல் இறங்கும். பிரித்துப் பார்த்தவர்களுக்கு அது பிடிபடவில்லை, அவ்வளவுதான். நான் சொன்னது சொன்னபடி இருக்கட்டும். விசாரணை முடிவு வந்தால் எனக்கு வேலை போகும். போகட்டும். இங்கே பேரப்பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுவிடுகிறேன், தண்ணீர்க் குடத்தை மாடிக்குத் தூக்குகிறேன். மாப்பிள்ளை நல்லவர். என்னைப் பார்த்ததும் டிவி சத்தத்தைக் குறைக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. சத்தத்தை யாராவது குறைத்தால் நான் இப்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

ஊர் நாலு நாள் பேசும், அப்புறம் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கடைக்குப் போகவேண்டாம், எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னால் வாங்கித் தருவார். கம்பியை நான் வந்து கட்டித் தருகிறேன். இல்லை, கட்டவேண்டாம். அது அப்படியே கிடக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மறுபடியும் அதிகாரிக்கு எழுதாதீர்கள். "அன்று இரைச்சல் இல்லை" என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள். இதையெல்லாம் போனில் பேசினால் என்ன, டீச்சர் வீட்டு நம்பர் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு
உங்கள் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

தேதி தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளைக் கேட்கலாம். போனில் பேச மாட்டேன். போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம்.

"ஏன் என்று கேட்காதீர்கள்" என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. உங்கள் அண்ணன்கூட.

நேற்று என்ஜின்காரர் வந்திருந்தார். படகில் போன மூவரில் பிழைத்து வந்தவர். கை இன்னும் கட்டில் இருக்கிறது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காபி கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். குறுக்கே கேட்காமல் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, நான் உங்களப் பத்தி யார்கிட்டயும் தப்பா சொல்லல. சத்தம் கேட்டுச்சுன்னுதான் சொன்னேன். தீவுல சாமான் எறக்கிட்டுக் கெளம்பும்போது லேசா மூட்டம், பாதி வழியில ஒண்ணுமே தெரியல. சுக்கான்காரர் சத்தம் வர்ற திசை பாக்குற வளையத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மொதல்ல ஒண்ணுமே கெடைக்கல. என்னடா இது, வழிகாட்டி செத்துப்போச்சான்னு திட்டுனாரு. அப்புறம் திடீர்னு வந்துச்சு. நீளமா, நிறுத்தாம ஊதுச்சு. 'ஆகா, இவ்வளவு சுத்தமா ஊதி நான் கேட்டதே இல்ல'ன்னு சந்தோஷப்பட்டாரு. அது வந்த பக்கமே திருப்பிட்டாரு. ஊதுறது நிக்கும், மறுபடி வரும். வரும்போதெல்லாம் சரியா அதே திசை."

"என் வீட்டுக்காரர்?"

"பெரியவர் பின்னாடி அறையில காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உங்களோட தட்டிக்கிட்டு இருந்தாரு. கதவு சாத்தியிருந்துச்சு. சிரிச்சுக்கிட்டு இருந்தாரும்மா. கடைசியில கதவத் தொறந்துக்கிட்டு 'எங்கடா போற?'ன்னு கத்துனாரு. சுக்கான்காரர் 'சத்தத்து மேலதாண்ணே போறேன்'னாரு. பெரியவர் மறுபடி உள்ள ஓடுனாரு. அப்ப மூட்டம் கொஞ்சம் வெலகுச்சு. எதிர்ல ஒரு மஞ்சச் சுவரு தெரிஞ்சுது. மாடியில கம்பி."

காபி டம்ளரை வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

தம்பி, மஞ்சள் சுவர் யாருடையது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தப் பாறைதான் தெரிகிறது. துறைமுகத்துக்குப் போகவேண்டிய படகு என் வீட்டை நோக்கி ஏன் வந்தது என்று ராத்திரி முழுதும் கணக்குப் போட்டேன். ஒலி கேட்டது என்கிறார் அவர். ஒலி இல்லை என்கிறேன் நான். என் காதில் பழுதில்லை. அவரும் பொய் சொல்பவர் அல்ல. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

ஒரு வழியில் இருக்கும். அதை நான் இந்தக் காகிதத்தில் எழுதமாட்டேன். நீங்கள் எழுதுங்கள். சுக்கான்காரர் கேட்டது எந்த ஒலி?

அண்ணி


மார்ச் 25 (பேரன் சொன்னான்)

அண்ணி,

நான்கு காகிதத்தைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. எப்படி எழுதினாலும் ஒன்றுதான்.

கருவி பழுதில்லை. நான்தான் குறைத்தேன்.

அண்ணன் அந்தப் படகில் வானொலி வேலை பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினாரே, அதற்கு முந்தின நாள் நிலையத்துக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்ற மனுஷன் மறுபடியும் கடலுக்குப் போகிற சந்தோஷத்தில் சின்னப்பிள்ளை மாதிரி இருந்தார். "டேய், உங்கண்ணி எழுதுற புகாரையெல்லாம் நான்தான்டா தெனமும் சாப்பாட்டோட சேத்து முழுங்குறேன். நான் போயிட்டா அவளுக்கு மதியம் ஒரு மணி நேரந்தான் என் தொணை. அந்த நேரம் மட்டும் உன் கொரலக் கொஞ்சம் எறக்குடா. அவ காதுல நான் நல்லா விழணும்" என்றார். செய்யக்கூடாததுதான். ஆனால் அண்ணன் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. உங்கள் வீட்டுச் சோற்றில்தான் நான் வளர்ந்தேன். "உங்களுக்கு எறக்காம யாருக்கு எறக்கப்போறேன்" என்றேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்றார். சொன்னால் அது விதிக்குப் புறம்பு என்று அதற்கும் நீங்கள் ஒரு புகார் எழுதுவீர்களாம். சிரித்தோம்.

தினமும் அந்த ஒரு மணி நேரம், உங்களுக்குச் சந்தேகம் வராதபடி கொஞ்சமாகக் குறைத்தேன். வானம் சுத்தமாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. அன்று மூட்டம். மூட்டத்தில் தீவிலிருந்து படகு கிளம்பாது, அண்ணன் அங்கே கட்டிப்போட்ட படகில் உட்கார்ந்துதான் தட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன். அன்று மட்டும் அடியோடு குறைத்தேன்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். நீங்கள் தட்டத் தொடங்கும் முன்னால் அண்ணன் உங்களைக் கண்டுபிடிப்பதற்காகச் சாவியை அழுத்திப் பிடிப்பீர்கள். மற்றவர்கள் ஒரு மூச்சு விடும் நேரம் மட்டும் சாவியைப் பிடிப்பார்கள். நீங்கள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. "உங்கண்ணி சாவியப் புடிச்சா அடுப்புல பால் பொங்குனாலும் விடமாட்டா" என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். எங்கள் வழிகாட்டியும் நீளமாகத்தான் ஊதும். சுக்கான்காரருக்கு மோர்ஸ் எழுத்து தெரியாது. நீளமாக ஊதினால் வழிகாட்டி, அவ்வளவுதான் அவருக்கு. என் குரல் இறங்கிக் கிடந்தது. நூலளவு தள்ளி உங்கள் குரல். அந்தச் சின்ன வளையக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அண்ணன் தட்டியதில் "பாதி வழி வந்தாச்சு" என்று கேட்டபோதுதான் எனக்கு உயிர் போனது. ஓடிப்போய் ஏற்றினேன். அந்தக் கிழட்டுக் கருவி ஏற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குள் நடந்ததெல்லாம் என் காதில் விழுந்தது. அது என்னோடு போகட்டும்.

உங்கள் மேல் தப்பில்லை அண்ணி. நீங்கள் உங்கள் வீட்டில் உங்கள் நேரத்தில் உங்கள் லைசென்ஸில் தட்டினீர்கள். அதனால்தான் பழுது என்று சொன்னேன். "இரைச்சல் இல்லை" என்ற உங்கள் சாட்சியை யாராவது அந்த என்ஜின்காரர் பேச்சோடு சேர்த்துவைத்தால் நேராக உங்கள் வாசலில் வந்து நிற்கும். யாரும் சேர்த்துவைக்கக்கூடாது என்றுதான் பயந்தேன். நீங்களே சேர்த்துவைப்பீர்கள் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்கவேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதிலிருந்து எதையும் எடுக்காமல், எனக்குத் தெரிந்ததை மட்டும் விசாரணை அதிகாரிக்கு நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். அன்று நான் சாவியை வழக்கத்தைவிட அதிகமாக அழுத்திப் பிடித்தேன் என்றும், அந்த ஒலியைத்தான் சுக்கான்காரர் வழிகாட்டி என்று எடுத்துக்கொண்டார் என்றும், அவர் திறமையில் குறை ஒன்றும் இல்லை என்றும் எழுதினேன். சுக்கான்காரரின் மனைவிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். தன் கணவர் வழி தெரியாமல் பாறையில் விட்டவர் என்ற பேச்சோடு அந்தப் பெண் ஏன் வாழவேண்டும்? உன் பங்கை நீ எழுதிக்கொள். எழுதவில்லை என்றால் நான் கேட்கப் போவதில்லை. உன்னைத் திட்டவும் என்னிடம் இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

இதனால் மனம் லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. லேசாகவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதி வரும் என்று சிறுவயதில் எங்களுக்குச் சொன்ன சிஸ்டர் இப்போது உயிரோடு இருந்தால், வந்து இந்தச் சமையலறையில் ஒரு காலை நேரம் நின்று பார்க்கச் சொல்வேன். ஜன்னலைப் பலகை வைத்து அடைக்கலாம் என்கிறார் டீச்சர். அடைத்தால் அலை பாறையில் மோதும் ஓசை குறையுமா?

உன் அண்ணன் கேட்ட உதவி எனக்காக. நீ செய்தது எனக்காக. நான் அந்தச் சாவியை அவ்வளவு நேரம் பிடித்தது, அவருக்கு என்னைத் தேட சிரமம் வேண்டாம் என்று. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்தோம். யோசித்துப் பார்த்தால் எங்காவது ஒரு கெட்ட எண்ணம் கிடைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பிடித்துக்கொள்ள ஒன்று இருந்திருக்கும்.

என்ஜின்காரர் பேச்சில் ஒரு இடம் எனக்குள் நின்றுவிட்டது. உன் அண்ணன் கதவைத் திறந்து "எங்கடா போற?" என்று கத்தினார், மறுபடி உள்ளே ஓடினார் என்றார் அல்லவா? ஏன் உள்ளே ஓடினார் என்று நினைக்கிறாய்? சுக்கானைப் பிடிக்க ஓடவில்லை. சாவிக்குத்தான் ஓடினார். என்னை நிறுத்தச் சொல்லத்தான் ஓடினார்.

அந்த நேரம் நான் சாவியை அழுத்திக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியும், சாவி அழுந்தியிருக்கும் வரை அனுப்புகிறவருக்குக் காது கிடையாது. எதிர்முனையில் உலகமே கத்தினாலும் தன் ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்காது. அலை அவ்வளவு சுத்தமாக இருந்த சந்தோஷத்தில், இன்று அவர் என்னை நன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று நான் நீளமாக, மிக நீளமாகப் பிடித்தேன். கையை எடுத்தபோது ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி எடுத்தேன். அவர் கருவி சூடாகி நின்றிருக்கும், சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய் என் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே பாறையருகே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டு, மீன் நிறைய வந்திருக்கிறது போலும் என்றுகூட நினைத்தேன்.

நீ உன் நிலையத்தில் இருந்தாய். என் சாவி உன் காதை அடைக்கவில்லை. அதற்குள் நடந்ததெல்லாம் உன் காதில் விழுந்தது என்று எழுதியிருக்கிறாய். அது உன்னோடு போகக்கூடாது. அது எனக்கு வந்த செய்தி. கையெழுத்தைப் போல அவர் சாவி தட்டும் கை உனக்குத் தெரியும், தப்பாகக் கேட்டிருக்கமாட்டாய்.

நான் அழுத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தட்டியதை எனக்கு எழுது. எழுத்து எழுத்தாக எழுது. பாதியில் நின்றிருந்தால் பாதியில் நிறுத்து. என் மனம் தாங்காது என்று எதையும் திருத்தாதே, நல்லதாக ஒன்றைச் சேர்க்காதே. என்னைத் திட்டியிருந்தால் அந்தத் திட்டையும் எழுது. டீச்சர் வீட்டுக்குப் போன் செய்யாதே, நேரில் வராதே.

தபாலில் பதில் அனுப்பு.

அண்ணி